நடுங்கிய கைக்கடிகாரம்

ஐந்தே விநாடிப் படம்தான். அதற்குள் ஒரு மனுஷனின் வேலை போய்விட்டது.

மேனேஜர் அந்த மொபைலைத் தன் மேஜையில் ஸ்டேப்ளர் மீது சாய்த்து நிறுத்தியிருந்தார். வெள்ளைத் திரையில் மெல்லிய கறுப்புக் கோடுகள். துணி மலைபோலக் குவிந்த ஒரு தள்ளுவண்டி. அதன் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தில் ஒரு பச்சைப் பொத்தான்; மொத்தப் படத்திலும் நிறம் என்று இருந்தது அதற்கு மட்டும்தான். வண்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. பொத்தானை அழுத்தியது. வந்த வழியே மறைந்தது. அவ்வளவுதான். முடிந்த கையோடு படம் தானாகவே முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. மறுபடி கை. மறுபடி பச்சைப் பொத்தான்.

"மணிக்கட்டப் பாருங்க," என்றார் மேனேஜர். "வாட்ச். இத்தனை பெரிய டயல் வெச்ச வாட்ச நம்ம கூடத்துல யாரு கட்டியிருக்காங்கன்னு நான் வேற சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. மெக்கானிக் அண்ணன் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்பது அந்தச் சலவைக்கூடத்தின் பழைய கிண்டல்.

மேஜைக்கு எதிரே நின்றிருந்த சூப்பர்வைசர் தலையாட்டினாள். கூடத்தில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். பத்தடி தள்ளி நின்றே, விரித்துப் போட்ட துணியில் குண்டூசித் தலை அளவு கறையைக் கண்டுபிடித்துவிடுவாள். மருத்துவமனைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அடுக்கி அனுப்புகிற இடம் அது. அவள் கண்ணைத் தாண்டி ஒரு துணி வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

விபத்து நடந்தது அன்று காலை பதினொன்றே கால் மணிக்கு.

உருளை இஸ்திரி இயந்திரத்துக்கு இரண்டு முனை. ஒரு முனையில் ஈர விரிப்பை உள்ளே விடுவார்கள். கொதிக்கிற உருளைகளுக்கு நடுவே ஓடி, மறுமுனையில் மொடமொடவென்று வெளியே வருவதை வாங்கி மடிப்பார்கள். ஒரு விரிப்பு பாதி வழியில் சுருண்டு சிக்கிக்கொண்டது. எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிடுகிற, துணி விடுகிற மூத்தவள் சிவப்புப் பொத்தானைத் தட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே கையை விட்டு இழுத்தாள். அந்த நேரம் பார்த்து மறுமுனையில் இருந்த பச்சைப் பொத்தானை எவரோ அழுத்த, உருளை ஓடியது. பெரியக்காவின் வலது கை இப்போது மருத்துவமனையில் கட்டுக்குள் இருந்தது. விரல்கள் தப்புமா என்பதை நாளைக்குத்தான் சொல்வார்களாம்.

மறுமுனையில் அப்போது இருந்தது இரண்டே பேர். மின்பெட்டியைத் திறந்து வைத்துக் குடைந்துகொண்டிருந்த மெக்கானிக். மடிப்பு மேஜையில் நின்றிருந்த லென்ஸ் அக்காவின் கூடப் பிறந்த தம்பி. இருவருக்கும் நடுவில் அந்தக் கம்பம். மற்றவர்கள் கண்ணுக்கு இருவரையுமே மறைத்துக்கொண்டு துணிவண்டி.

"நான் இல்ல," என்றார் மெக்கானிக்.

"சத்தியமா நான் இல்ல," என்றான் தம்பி.

பார்த்தவள் ஒருத்திதான். துணி பிரிக்கிற மேஜையில் வேலை செய்யும் படக்காரி. காது கேட்காது, பேச்சு வராது. ஆனால் மொபைலில் பக்கம் பக்கமாகப் படம் வரைந்து, அதை நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைச் சரசரவென்று புரட்டுகிற மாதிரி ஓட்டிக் காட்டும் ஒரு சின்ன ஆப் வைத்திருந்தாள். டீ நேரத்தில் அவளைச் சுற்றித்தான் கூட்டம். மேனேஜர் நடை, டிரைவரின் கொட்டாவி, ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. யார் அழுத்தினார்கள் என்று கேட்டதற்கு, 'கை மட்டும் தெரிந்தது. வரைந்து தருகிறேன்' என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஓய்வறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரைந்தாள். "நாலு மணிக்குப் பார்ப்போம், அதுவரைக்கும் மொபைல் அலமாரிக்குள்ளயே பூட்டி இருக்கட்டும்," என்று மேனேஜர் உத்தரவு போட்டார். நாலு மணிக்கு அவரே திறந்து எடுத்து வந்தார்.

வந்த பதில் இதோ, ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் தலைமை ஆபீஸுக்குப் போகணும்," என்றார் மேனேஜர். "இயந்திரத்தக் கவனக்குறைவா இயக்கினார், பொய் வேற சொன்னார்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அவரோட லைசென்ஸும் போகும். இனிமே எந்தக் கம்பெனியிலயும் ஸ்குரூ டிரைவரத் தொட முடியாது."

லென்ஸ் அக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை ஒளித்துப் பயனில்லை. 'அப்பாடா, நம்ம பையன் இல்லை' என்று உள்ளே ஒரு மூச்சு இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே அந்த மூச்சின் மீது அவளுக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுலபமாக எதுவுமே வெளுத்ததில்லை அவள் அனுபவத்தில்.

மறுபடி திரையைப் பார்த்தாள். கை நீண்டது. அழுத்தியது.

எதுவோ நடுங்கியது.

கை நடுங்கவில்லை. கம்பமும் வண்டியும் ஆணி அடித்த மாதிரி நின்றன. அந்த டயல் மட்டும் குளிர் ஜுரம் வந்தது போல் வெடவெடத்தது.

"சார், படத்த விவரமா எழுதணும். மொபைல நான் கொஞ்சம் வெச்சுக்கட்டுமா?"

"எழுதுங்க, எழுதுங்க. ஆனா அஞ்சு மணி."

தன் கண்ணாடித் தடுப்பறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். மணி நாலு பத்து.

படக்காரி வரைகிற விதம் அவளுக்குத் தெரியும். எத்தனை டீ நேரம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறாள்! ஒரு பக்கத்தில் வரைவாள். அப்படியே அதை நகலெடுத்து அடுத்த பக்கத்திலும் போடுவாள். இரண்டு பக்கத்துக்கு ஒரு படம். விநாடிக்குப் பன்னிரண்டு பக்கம் ஓடினால், ஆறு படம் வரைந்தால் போதும். "சோம்பேறிக் கணக்கு," என்று யாரோ கிண்டல் செய்தபோது, படக்காரி விரலை ஆட்டி மறுத்து, கண்ணைக் காட்டினாள். ஒவ்வொன்றும் இரட்டையாக நின்றால்தான் கண்ணுக்கு இதமாக இருக்குமாம். நகல் என்பதால் இரட்டையில் ஒரு மயிரிழை மாற்றம் இருக்காது.

லென்ஸ் அக்கா ஓட்டத்தை நிறுத்தினாள். ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினாள். கீழே எண் ஓடியது. முப்பத்து மூன்றாம் பக்கத்தில் கை முதன்முதலில் எட்டிப் பார்த்தது. முப்பத்து நாலில் அதே கை, அதே விரல், அதே வளைவு. மணிக்கட்டைச் சுற்றி ஒரு பட்டை. இரண்டிலும் ஒரே பட்டை. ஆனால் பட்டையின் மேல் இருந்த டயல்? முப்பத்து மூன்றில் வட்டம். முப்பத்து நாலில் உருளைக்கிழங்கு. முப்பத்தைந்தில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது, முப்பத்தாறில் வலப்பக்கம். நாற்பத்தாறு வரைக்கும் இதே கதை. பதினாலு பக்கம். பதினாலு டயல். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

அவள் மொபைலைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

பட்டை படக்காரி வரைந்தது. டயல் வேறு யாரோ வரைந்தது. நகலெடுத்து முடித்த பிறகு, பக்கம் பக்கமாக, அவசர அவசரமாக. படம் இரட்டை இரட்டையாக இருக்கிறது என்பதோ, ஒன்றை வரைந்து நகலெடுத்தால் போதும் என்பதோ அந்த ஆளுக்குத் தெரியவில்லை. வேடிக்கை பார்த்திருக்கலாம். வரைந்து பார்த்தவன் இல்லை.

யார்?

மொபைல் நாலு மணி வரைக்கும் அலமாரிக்குள் இருந்தது. வேலை நேரத்தில் எல்லோர் மொபைலும் அங்கேதான் இருக்கும். படக்காரி தன் திரையைத் திறக்க விரலால் இழுக்கிற பூட்டுக் கோலம் கூடத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். டீ நேரத்தில் ஆளாளுக்குத் திறந்து பழைய படங்களைப் பார்ப்பார்கள். அலமாரிக்குச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவளிடம். இன்னொன்று மேனேஜரிடம்.

மேனேஜர்!

நினைத்தாலே பொருந்திப் போயிற்று. மடிப்பு முனையில் பச்சைப் பொத்தானே இருக்கக் கூடாது, கழற்றி எறியுங்கள் என்று மெக்கானிக் மூன்று கடிதம் எழுதியிருந்தார். துணி விடுகிறவரின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாத இடத்திலிருந்து இயந்திரத்தைக் கிளப்பலாமா என்று கேட்டிருந்தார். மூன்றும் மேனேஜரின் ஃபைலில் தூங்கின. விசாரணை என்று ஒன்று வந்தால் அந்தக் கடிதங்கள் எழுந்து உட்காரும். எழுதினவரே குற்றவாளி ஆகிவிட்டால்?

'ஆகா, மனுஷர் சும்மா இல்லை,' என்று அவள் பல்லைக் கடித்தாள். கோபத்தோடு கோபமாக ஒரு குஷியும் வந்தது. மேனேஜர் என்றால் தம்பி இல்லை. அந்தக் கணக்கு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

நேராகத் துணி பிரிக்கிற மேஜைக்குப் போனாள். படக்காரி முகமூடியும் கையுறையுமாக மூட்டையைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சாமான் அறைக்குள் தனியாகக் கூட்டிப்போய், மொபைலை நீட்டி, முப்பத்து மூன்றாம் பக்கத்தைக் காட்டினாள். டயலின் மேல் விரலை வைத்து, 'நீயா?' என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

படக்காரி பார்த்தாள். முகமூடியைக் கீழே இழுத்தாள். பக்கங்களைத் தள்ளத் தள்ள அவள் முகம் மாறியது. தலையை வேகமாக ஆட்டினாள், இல்லை, இல்லை என்று. பிறகு சட்டென்று நிறுத்தினாள். நிமிர்ந்தாள். மொபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். விரலை நீட்டி லென்ஸ் அக்காவைச் சுட்டினாள்.

நீங்களா?

லென்ஸ் அக்காவுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. "நானா? எனக்கென்னடி வேண்டுதல்?" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். கேட்காத காதுக்கு எதற்குச் சத்தம்?

படக்காரி அலமாரிப் பக்கம் கையைக் காட்டினாள். சாவி திருப்புவதுபோல் செய்து காட்டினாள். பிறகு அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு துணிச்சீட்டை உருவி, பின்பக்கத்தில் எழுதி நீட்டினாள்.

'அது வாட்ச் பட்டை இல்லை. கையுறையின் பட்டை.'

லென்ஸ் அக்கா அதை ஒரு முறை படித்தாள். இன்னொரு முறை படிக்கத் தேவை இருக்கவில்லை. சூடான துணியைத் தொடுகிறவர்களுக்குத்தான் அந்த வெள்ளைப் பருத்திக் கையுறை. மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்க ரப்பர் பட்டை. அன்று காலை மடிப்பு முனையில் கையுறை போட்டிருந்தது ஒரே ஆள்.

'மொதல்லயே ஏன் சொல்லல?' என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

படக்காரி பதில் எழுத வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். 'அவர் உங்கள் தம்பி. நான் எழுதினால் நான் சொன்னது ஆகும். வரைந்தால் நீங்கள் பார்த்தது ஆகும். நீங்கள் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன்.'

பார்க்கத்தான் செய்தாள். ஆனால் அதற்குள் எவனோ அந்தப் பட்டைக்கு மேல் டயலை ஒட்ட வைத்துவிட்டான். எவனோ என்ன எவனோ! மேனேஜர்தான் என்று மனசு இன்னும் முரண்டு பிடித்தது. சாவி இரண்டு. ஒன்று என் இடுப்பில். காலையிலிருந்து என் இடுப்பை விட்டு...

விட்டது.

பெரியக்காவை வண்டியில் ஏற்றிய நேரம். ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டே, சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து உருவித் தூக்கிப் போட்டது யார்? "டேய், அலமாரியில பெரியக்காவோட பை இருக்கு, ஓடிப்போய் எடுத்து வா!" என்று கத்தியது யார்? அவன் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். சாவி? மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பி வந்தபோது மணி மூன்று. சாவிக்கொத்து அவள் மேஜையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அவளும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு சந்தேகமும் படவில்லை. ஊரெல்லாம் கறை தேடுகிற கண்ணுக்குத் தன் மேஜை தெரியவில்லை.

ஆனாலும் சாவி இருந்தது என்பதால் மட்டும் திருடன் ஆகிவிடுவானா? கேட்டால் 'இல்லை' என்பான். சின்ன வயதிலிருந்து எதைக் கேட்டாலும் முதலில் 'இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் யோசிப்பான். நேராகக் கேட்டுப் பயனில்லை.

மணி நாலரை.

இயந்திரம் நின்றுவிட்டதால் தம்பி கையில் மடித்துக்கொண்டிருந்தான். தலையணை உறைகள். அவளைக் கண்டதும் பல்லைக் காட்டினான்.

"என்னக்கா, விசாரணைக் கமிஷன் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான். மெக்கானிக் கதை முடிஞ்சுது."

"அட பாவமே." முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டான். கை மடிப்பதை நிறுத்தவில்லை. "நல்ல மனுஷன். என்ன பண்றது, கவனம் இல்லையே."

"ஆமா. அதுல ஒரு சின்னச் சிக்கல்டா." அவளும் ஓர் உறையை எடுத்து உதறினாள். அடுப்பங்கரையில் நின்று பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "படத்துல ஒரு இடத்துல வாட்ச் விட்டுப் போயிருக்காம். நாப்பதாம் பக்கத்துல வெறுங்கைதானாம். அதான் மேனேஜர் யோசிக்கிறாரு."

"நாப்பதுலயா? இருக்காதே. எல்லாப் பக்கத்துலயும்..."

நிறுத்தினான்.

மடித்துக்கொண்டிருந்த உறை அவன் கையில் பாதியில் நின்றது. படம் மேனேஜரின் அறையில் மட்டும்தான் ஓடியது. அவன் அந்த அறை வாசலைக்கூட மிதிக்கவில்லை.

"எல்லாப் பக்கத்துலயும் என்னடா?"

"இல்லக்கா, வந்து... இருக்கும்னு சொன்னேன். பொதுவா."

"பொதுவா." அவள் உறையை மேஜைமேல் போட்டாள். "பதினாலு டயல் வரைஞ்சிருக்கே. பதினாலும் பதினாலு திசையில கோணிக்கிட்டு நிக்குது. பள்ளிக்கூடத்துலயும் உனக்கு வட்டம் வராது."

தம்பி சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு குரல் இறங்கிப்போயிற்று.

"அக்கா, வேணும்னேயா அழுத்துவேன்? ரெண்டு தட்டு கேட்டுச்சுக்கா."

அவளுக்குப் புரிந்தது. நீராவி இரைச்சலில் பேச்சு எடுபடாத கூடம் அது. சிக்கின துணியை எடுத்து முடித்ததும், துணி விடுகிறவர் தகரத் தட்டில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டுவார். கை வெளியே வந்துவிட்டது, ஓட்டலாம் என்று அர்த்தம். இருபது வருடமாக அந்த இரண்டு தட்டை நம்பித்தான் இயந்திரம் ஓடியது.

"பெரியக்கா தட்டலையே. அவ கை உள்ளதானே இருந்துச்சு?"

"அவங்க தட்டல. மெக்கானிக் தட்டினாரு! மின்பெட்டிக் கதவு மூடலைன்னு ரெண்டு குத்து குத்தினாரு. டக், டக். எனக்கு என்ன தெரியும்? கை தானா போயிடுச்சு. அவர் தட்டலைன்னா நான் அழுத்தியிருப்பேனா? நீயே சொல்லு. பாதி கை அவரோடதுதான்க்கா."

"பாதி கைன்னா பாதி வாட்ச்தானடா வரைஞ்சிருக்கணும்?"

அவன் பாதி மடித்த உறையைக் கீழே வைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"தட்டினது காதுல விழுந்து அழுத்தினே. அது விபத்து. யாருக்கும் நடக்கும். நடந்ததைச் சொல்லியிருந்தா நானே உன் பக்கம் நின்னிருப்பேன். பெரியக்கா அங்க வலியில துடிக்கிற நேரத்துல, நான் கொடுத்த சாவியால அலமாரியத் திறந்து, உக்காந்து பதினாலு வாட்ச் வரைஞ்சே பாரு, அது என்னடா?"

"அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க. அவருக்கு வயசாயிடுச்சு, இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல எப்படியும் வீட்டுக்குப் போற ஆளு. யோசிச்சுப் பாரு. டயல் கோணலா இருக்கறது யாருக்குத் தெரியும்? மேனேஜருக்குத் தெரியல. உனக்கு மட்டும்தான் தெரியும்."

"அந்தப் பொண்ணுக்கும் தெரியும்."

"அவ சொல்ல மாட்டா. சொல்றதா இருந்தா காலையிலயே சொல்லியிருப்பா." அவள் கையைப் பிடித்தான். "உன் கையில இருக்குக்கா. ஒரே ஒரு கையெழுத்து."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். "பத்து நிமிஷம் தரேன். நீயா வந்து சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நீ சொல்ல மாட்டே," என்றான் தம்பி. அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி, அத்தனை நிச்சயமாகச் சொன்னான். அதுதான் அவளுக்கு வலித்தது.

மேனேஜர் அறையில் அவள் எழுதத் தொடங்கியபோது மணி நாலு ஐம்பது. ரிப்போர்ட் புத்தகத்தில் கார்பன் தாளைச் செருகினாள். வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. முதல் வரியை எழுதினாள். மறுபடி வாசலைப் பார்த்தாள்.

கடைசியில் எழுதியே விட்டாள். பொத்தானை அழுத்திய கை என் தம்பியுடையது. படத்தில் உள்ள டயல் பிற்பாடு சேர்க்கப்பட்டது. சேர்த்ததும் அவனே. அலமாரிச் சாவியை அவன் கையில் கொடுத்தது நான்.

மேனேஜர் தலைகீழாகவே எட்டிப் படித்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்தார். "என்னம்மா இது? படம் தெளிவா இருக்கே!"

அவள் படக்காரியிடமிருந்து திரும்ப வாங்கி வந்த மொபைலை எடுத்து, ஓட்ட வேகத்தை ஆகக் குறைவாக வைத்தாள். விநாடிக்கு ஒரு பக்கம். கை நத்தை மாதிரி நீண்டது. பட்டை அசையாமல் நிற்க, டயல் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் குதித்தது. மேனேஜர் இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை படத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"வீட்டுல ஏதாவது சண்டையா உங்களுக்குள்ள?"

"இல்ல சார்."

"சொத்துத் தகராறு? அந்த மாதிரி?"

"சொத்தா? எங்க வீட்டுலயா?" அவள் தலையைக் குனிந்து எழுதுவதைத் தொடர்ந்தாள். மடிப்பு முனைப் பச்சைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி மெக்கானிக் மூன்று கடிதம் கொடுத்திருக்கிறார். தேதிகளும் தெரியும். ஒவ்வொன்றாக எழுதினாள்.

மேனேஜரின் முகம் இறுகியது. "இதெல்லாம் இப்ப எதுக்கு? யார் கைன்னு கேட்டேன், சொல்லிட்டீங்க. அதோட விடுங்க."

"கை யாருதுன்னு எழுதிட்டேன் சார். பொத்தான் யாருதுன்னும் எழுத வேண்டாமா?"

கையெழுத்துப் போட்டாள். மேல் தாளை அவரிடம் கிழித்துக் கொடுத்தாள். கார்பன் நகலை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். அவர் பார்க்கிற மாதிரியே வைத்தாள்.

ஐந்து மணிக்குத் தம்பியைக் கூப்பிட்டனுப்பினார்கள். அறைக்குள் வந்ததும் அக்காவைப் பார்த்தான். மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தான். முதலில் "இல்லை" என்றான். பிறகு கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "ஆமா" என்றான். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினான். வெளியே போகும்போது அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. தோள்கூட உரசாமல், சுவரோரமாக ஒதுங்கிப் போனான்.

மெக்கானிக் அண்ணன் தன் கருவிப் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு நடைபாதை பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். அவளே போய் விஷயத்தைச் சொன்னாள். ஒன்று விடாமல் சொன்னாள். கதவை அவர் இரண்டு குத்துக் குத்தியதையும் சேர்த்துத்தான்.

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. முதலில் குழப்பம் வந்தது. கதவு என்றதும் தன் முஷ்டியை ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணைச் சுருக்கி அவளை மேலும் கீழுமாக அளந்தார்.

"உண்மையச் சொல்லும்மா. சொந்தத் தம்பியக் காட்டிக் கொடுத்திருக்கே. இதுல உனக்கு என்ன லாபம்?"

"லாபமா?" என்றாள் லென்ஸ் அக்கா. பைக்குள் அவள் மொபைல் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்க்காமலே தெரியும், அம்மா. "இன்னைக்கு வீட்டுல எனக்குச் சாப்பாடு கிடையாது. அதுதான் அண்ணே லாபம்."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இயந்திரத்தைப் பார்க்க நடந்தார். பாதி வழியில் நின்று, அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவள் மொபைலை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஆமாம்மா," என்றாள். "நான்தான் சொன்னேன்."